யாருக்கு இட்ட அணை?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வரலாற்றைப் பாடசாலைகளிற் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் இரு தலைநகரங்களைப் பற்றியே பேசுகிறோம். ஒன்று வாஷிங்டன், மற்றொன்று மொஸ்கோ. பேர்லின் மதிலும் கியூபா ஏவுகணை நெருக்கடியும் விண்வெளிப் போட்டியும் நம் மாணவர்க்கு மனப்பாடம். ஆனால் படுவான்கரையில் வேளாண்மை செய்யும் உழவனுக்கும் எழுவான்கரையில் வாவியிலே வலைவீசும் மீனவனுக்கும் அந்தப் போட்டியோடு என்ன தொடர்பு என்று ஒரு மாணவன் கேட்டால், நம்மிடமுள்ள பாடநூல்களில் விடை இல்லை. எங்கோ வானத்தில் இடித்த இடி என்றே அந்த வரலாறு நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

உண்மை அதுவன்று. பனிப்போர் நம் வாசலுக்கு வந்தது. பீரங்கியாக வரவில்லை, அரிசியாக வந்தது, மாவாக வந்தது, அணைக்கட்டாக வந்தது. கம்யூனிசத்துக்கு அணை போட வேண்டும் என்று வல்லரசொன்று வகுத்த கொள்கை, ஈற்றில் எவருக்கு அணையாக முடிந்தது என்பதை நம் மண்ணில் நின்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அக்கொள்கையைச் சுருக்கமாக நோக்குவோம். 1947 மார்ச் மாதம் 12 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ட்ரூமன், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டொலர் உதவி வழங்குமாறு தமது நாட்டுக் காங்கிரசைக் கேட்டார். சோவியத் செல்வாக்குப் பரவும் இடமெல்லாம் அதனை எதிர்த்து நிற்பது அமெரிக்காவின் கடமை என்பது அவ்வுரையின் சாரம். ஜோர்ஜ் கெனன் என்னும் இராஜதந்திரி அதே ஆண்டு எழுதிய கட்டுரையொன்று அதற்குத் தத்துவ வடிவம் தந்தது. பின்னர் மார்ஷல் திட்டம் மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்தியது. 1949 இல் நேட்டோ என்ற இராணுவக் கூட்டு உருவாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாள் சீன மக்கள் குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டதும், அணை போடும் வேலை ஆசியாவுக்கும் பெயர்ந்தது. வறுமையே கம்யூனிசத்தின் விளைநிலம் என்று அக்கொள்கையாளர் கருதினர். ஆகவே ஆசியாவில் இராணுவத்தோடு சோறும் ஓர் ஆயுதமாயிற்று. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பிலே கூடியபோது முளைவிட்ட கொழும்புத் திட்டம் இக்கருத்தின் குழந்தையே.

இலங்கையின் ஆளும் வர்க்கத்துக்கு இப்பாடத்தை வெளியிலிருந்து ஒருவர் வந்து புகட்ட வேண்டியிருக்கவில்லை. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சி 10 ஆசனங்களையும், போல்ஷவிக் லெனினிஸ்ட் கட்சி 5 ஆசனங்களையும், கம்யூனிஸ்ட் கட்சி 3 ஆசனங்களையும் பெற்றன. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஆசனங்களை ஈட்டிக் கொடுத்ததோடு, வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கும் துணைநின்றன. 95 தொகுதிகளில் 42 ஐ மட்டுமே பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு இது எச்சரிக்கையாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. இனக்காழ்ப்பு இச்சட்டங்களில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வர்க்க அச்சமும் அதனோடு கைகோத்து நின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. இந்நாட்டில் இடப்பட்ட முதல் அணை தேயிலைக் கொழுந்து பறித்த கைகளுக்கு எதிராகவே இடப்பட்டது.

இனி, அரிசிக்கு வருவோம்.

சுதந்திரம் பெற்ற காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பாதிக்கு மேல் பிறநாடுகளிலிருந்து வாங்கியது. தேயிலையும் இறப்பரும் தெங்கும் விற்ற பணம் அரிசியாகத் திரும்பியது. குடியேற்ற ஆட்சி நமக்கு விட்டுச் சென்ற பொருளாதாரம் இது: பிறருக்கு வேண்டியதை விளைவித்துத் தனக்கு வேண்டியதைப் பிறரிடம் வாங்கும் பொருளாதாரம். 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டபோது இறப்பரின் விலை மளமளவென்று ஏறியது. போர் முனையில் மனிதர் மடிய, நம் அரசாங்கத்தின் கருவூலம் நிறைந்தது. ஆனால் அச்செழிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. செயற்கை இறப்பரையும் திரட்டிவைத்த கையிருப்பையும் கொண்டு அமெரிக்கா சந்தையை அடக்கியதும் விலை வீழ்ந்தது. அதே வேளையில் ஆசியச் சந்தையில் அரிசியின் விலையோ உயர்ந்து சென்றது. விற்பது மலிவு, வாங்குவது கிராக்கி என்னும் இரட்டைப் பொறியில் நாடு அகப்பட்டது.

இந்நிலையில் இறப்பருக்கு நல்ல விலை கொடுக்க ஒரு நாடு ஆயத்தமாயிருந்தது. அது சீனா. ஆனால் சீனாவுக்கு இறப்பர் விற்பது அப்போது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. கொரியாவில் அமெரிக்கப் படையும் சீனப் படையும் நேருக்கு நேர் பொருதிக்கொண்டிருந்தன. சீனாவுக்குப் போர்ப் பயனுள்ள பொருள்களை விற்கலாகாது என்று 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாறு விற்கும் நாடுகளுக்கு உதவி நிறுத்தப்படும் என்று அமெரிக்கா அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. செனேட்டர், காங்கிரஸ் உறுப்பினர் பெயர்களால் வழங்கும் அமெரிக்கச் சட்டங்களுள் ஒன்றாகிய அது, 'பற்றில் சட்டம்' என்று அறியப்பட்டது.

இங்கே வரலாற்றின் நகைமுரண் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்கவியலாது. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. பிரித்தானியத் தளங்கள் திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் இருக்கையில் இது உண்மையான சுதந்திர நாடன்று என்று கூறி, சோவியத் ஒன்றியம் தன் தடையுரிமையால் இலங்கையின் விண்ணப்பத்தைத் தடுத்து வைத்திருந்தது. 1955 டிசம்பரிலேயே அக்கதவு திறந்தது. ஆகவே பொதுச்சபையின் தீர்மானம் இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. ஒரு வல்லரசு சாத்திய கதவே மற்றொரு வல்லரசின் தடையிலிருந்து தப்புவதற்கு வழியாயிற்று!

1952 இல் வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்கா பெய்ஜிங்குக்குத் தூது சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 18 ஆம் நாள் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. ஐந்தாண்டு காலத்துக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை இலங்கை அளிக்கும். 270,000 தொன் அரிசியைச் சீனா அளிக்கும். இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை. அரிசிக்குச் சந்தை விலையிலும் குறைந்த விலை. இரு நாடுகளுக்கும் இடையே அப்போது தூதரகம்கூட இருக்கவில்லை. இராஜதந்திர உறவு 1957 இலேதான் ஏற்பட்டது.

இவ்வொப்பந்தத்தைச் செய்தவர் எவர் என்பதை மீண்டும் நோக்குக. அது இடதுசாரி அரசாங்கமன்று. மேற்குலகின் நண்பர்கள் என்று தம்மைப் பெருமையோடு அழைத்துக்கொண்ட ஐக்கிய தேசியக் கட்சியினரின் அரசாங்கம்! 1951 இல் அமெரிக்க வானொலி ஒலிபரப்புக்கு இடமளித்ததும் அதே அரசாங்கந்தான். கம்யூனிசத்தை நாள்தோறும் தூற்றியவர்களைக் கம்யூனிஸ்ட் நாட்டின் வாசலுக்கு அனுப்பியது எது? மக்களின் வயிறு. பசிக்கு முகாம் கிடையாது. அமெரிக்கா வெகுண்டது, இறப்பர் மரத்தின் பூஞ்சண நோய்க்குத் தூவும் கந்தகத்தை இலங்கைக்கு அனுப்ப மறுத்தது, பொருளாதார உதவியையும் மறுத்தது. ஆயினும் ஒப்பந்தம் முறியவில்லை. காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட்டு ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் நிலைத்தது. 1956 இல் அமெரிக்க உதவி வரத் தொடங்கியபோதும் சீனாவோடு நடந்த வர்த்தகம் நிறுத்தப்படவில்லை. உறுதியாக நின்றால் சிறிய நாடும் பேரம் பேசலாம் என்பதற்கு ஆசிய வரலாற்றில் இதனினும் தெளிந்த சான்று அரிது.

எனினும் இதைக்கொண்டு அவ்வரசாங்கத்தை மக்கள் நலம் பேணிய அரசாங்கமாகக் கருதிவிடலாகாது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி எட்டு மாதங்கள் செல்லுமுன், 1953 ஜூலையில், பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. அப்போது நிதி அமைச்சராயிருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. ஓகஸ்ட் 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடு ஹர்த்தால் அனுட்டித்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே கூடியது. தன் மக்களுக்கு அஞ்சி அந்நியனின் கப்பலில் ஏறிய அரசாங்கம் எவருடைய அரசாங்கம் என்று விளக்கவும் வேண்டுமோ? அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

அரிசியை வெளியிலிருந்து வாங்குவது ஒரு வழி. உள்நாட்டிலேயே விளைவிப்பது மற்றொரு வழி. இவ்விரண்டாவது வழியே நம் பிரதேசத்தை நேரடியாகத் தொட்டது.

மட்டக்களப்புத் தமிழகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பட்டிப்பளையாறு என்று அழைத்த ஆற்றைச் சிங்கள மக்கள் கல்லோயா என்பர். மலையடிவாரத்திற் பிறந்து கிழக்கு நோக்கி ஓடிக் கடலோடு கலக்கும் அவ்வாற்றை இங்கினியாகலையில் மறித்துப் பெருநீர்த்தேக்கம் ஒன்றை அமைக்கும் பணி 1949 இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த மொரிசன் நட்சன் கம்பனி அதனைக் கட்டியது. பணமோ இலங்கை அரசாங்கத்தினது. 1949 இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரி அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை. ஆற்றுக்கு அணைகட்டி வறுமையைப் போக்கலாம், புரட்சி வேண்டியதில்லை என்பதற்கு அந்த டெனசித் திட்டத்தையே அமெரிக்கர் உலகெங்கும் உதாரணமாகக் காட்டி வந்தனர். சேனநாயக்கா சமுத்திரம் என்று பெயர்பெற்ற அத்தேக்கம் 770,000 ஏக்கர்-அடி நீரைக் கொள்ளவல்லது.

அணையை நாம் வெறுக்கவில்லை. காட்டைக் கழனியாக்கும் மனித உழைப்பு போற்றத்தக்கது. நீர் வேண்டும், நெல் வேண்டும். ஆனால் நீர் எவருக்கு, நிலம் எவருக்கு என்பதே கேள்வி. டி. எஸ். சேனநாயக்கா சிறு நிலவுடைமை விவசாயியைத் தமது அரசியலின் அடித்தளமாகக் கருதியவர். தனக்கென ஒரு துண்டு நிலம் உடையவன் பொதுவுடைமை பேசமாட்டான் என்னும் நம்பிக்கை அன்றைய உலகின் பழைமைவாதிகள் அனைவர்க்கும் பொதுவானது. தோட்டக் கம்பனிகளின் நிலத்திலும் பெருநிலக்கிழாரின் வயலிலும் கைவைக்காமல், நிலமற்றவரைத் தொலைவிலுள்ள காட்டுக்கு அனுப்புவது அவ்வர்க்கத்துக்கு மிக இலகுவான வழி. கண்டி மலைநாட்டிலும் தென்மேற்கிலும் நிலமின்றித் தவித்த சிங்களக் குடியானவர் பட்டிப்பளைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரப்பட்டனர். குடியேற்றக் கிராமங்களிற் பெரும்பான்மை அவர்களுக்கே ஒதுக்கப்பட்டது. சில கிராமங்களே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்தன. அக்காட்டையே தாயகமாகக் கொண்ட வேடரின் வேட்டைநிலம் நீரினுள் ஆழ்ந்தது.

குடியேறியவன் நமக்குப் பகைவனல்லன். அவனும் ஏழை, மலேரியாவோடும் யானையோடும் போராடி நிலம் திருத்தியவன். அவனுடைய ஊரில் அவனுக்கு உரிய நிலத்தைத் தோட்டக் கம்பனி விழுங்கியிருந்தது. அக்கணக்கைத் தீர்க்கத் துணியாத அரசு, அவனை நம் வாவிக்கரை உழவனின் அயலில் நிறுத்தி, இருவரையும் ஒருவரையொருவர் அஞ்சச் செய்தது. வர்க்கமாகத் திரண்டிருக்க வேண்டியவர் இனமாகப் பிரிந்தனர். 1956 ஜூன் மாதம், சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். மாண்டவர் தொகை நூற்றுக்கு மேல் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. சுதந்திர இலங்கையின் முதலாவது பெரும் இனக்கொலை கொழும்பின் தெருக்களில் மட்டும் நிகழவில்லை. உலகுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட அபிவிருத்தித் திட்டத்தின் நடுவிலே நிகழ்ந்தது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை என்ற புதிய மாவட்டமாயிற்று.

உழவனுக்கு உண்மையான உரிமை வழங்க ஒருமுறை முயற்சி நடந்தது. விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தனா 1958 இல் நெற்காணிச் சட்டத்தைக் கொணர்ந்தார். குத்தகைக்கு உழுபவனை நிலவுடைமையாளன் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. குத்தகைக்கும் வரம்பு உண்டு என்பது அச்சட்டத்தின் உள்ளம். போடிமார் ஆட்சி நிலவிய நம் பிரதேசத்தில் இதன் பொருள் எளிதில் விளங்கும். போடியாரின் வயலை வாழ்நாள் முழுதும் பார்த்த முல்லைக்காரனுக்கு அவ்வயலில் ஒரு வரம்பும் சொந்தமில்லை என்பது வாவியின் இரு கரையும் அறிந்த செய்தி. ஆனால் சட்டம் வருமுன்னரே நாட்டின் பல பாகங்களில் உழவர் வெளியேற்றப்பட்டனர். அமைச்சரவையினுள்ளிருந்த வலதுசாரிகள் ஒன்றுதிரண்டனர். 1959 மே மாதம் பிலிப் குணவர்த்தனா அமைச்சரவையைவிட்டு நீங்கினார். இந்த அணையைக் கட்ட அமெரிக்கக் கம்பனி எதுவும் வரவில்லை. நம் நாட்டு நிலவுடைமையாளரே அதைக் கட்டிமுடித்தனர். சிங்கள நிலக்கிழாரும் தமிழ்ப் போடியாரும் முஸ்லிம் போடியாரும் இவ்விடயத்தில் மொழி வேறுபாடு பாராட்டவில்லை!

வெளிநாட்டுக் கொள்கையைப் பொறுத்தவரை பண்டாரநாயக்காவின் அரசாங்கம் புதுப்பாதை வகுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு முன் பிரதமராயிருந்த சேர் ஜோன் கொத்தலாவல, 1954 இல் பிரெஞ்சுப் படையினரை இந்தோசீனாவுக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையில் இறங்க இடமளித்தார். 1955 இல் பாண்டுங் மாநாட்டில் கிழக்கு ஐரோப்பாவைச் சுட்டிச் சோவியத் குடியேற்றவாதம் பற்றிப் பேசிச் சலசலப்பை உண்டாக்கினார். எனினும் சீயாட்டோ இராணுவக் கூட்டில் அவரும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 1957 இல் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் மீட்கப்பட்டன. 1958 இல் சோவியத் ஒன்றியத்தோடு பொருளாதார உடன்படிக்கை ஏற்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் உபரிக் கோதுமையும் வந்துசேர்ந்தது. ஈழத்து வீடுகளிற் கோதுமை மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்ற பெயர் நிலைத்தது. கூப்பன் கடையிற் சீனத்து அரிசி. அடுப்பிலே அமெரிக்கன் மா. பனிப்போரின் இரு முகாம்களும் ஒரே குசினியில் அருகருகே இருந்த காலம் அது.

உதவியின் உண்மை உருவம் 1963 இல் வெளிப்பட்டது. சோவியத் நாட்டிலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கிய இலங்கை, 1962 இல் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்கள் சிலவற்றைத் தன்வசப்படுத்தியது. உடனடி நட்டஈடு கிடைக்கவில்லை என்று கூறி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அமெரிக்கக் குடிமக்களின் சொத்தைத் தேசியமயமாக்கி நட்டஈடு வழங்காத நாடுகளுக்கு உதவியை மறுக்கும் ஹிக்கன்லூப்பர் திருத்தச் சட்டம் முதன்முதற் பாய்ந்தது இச்சிறிய தீவின் மீதுதான். கொடுத்த கையிற் கயிறும் இருந்தது.

மறுமுகாமைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 1956 இல் ஹங்கேரியிலும் 1968 இல் செக்கோஸ்லோவாக்கியாவிலும் சோவியத் டாங்கிகள் நசுக்கியது தொழிலாளரையும் மாணவரையுந்தான். நம் நாட்டு இடதுசாரித் தலைமையின் வரலாறும் முழுதும் ஒளியன்று. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பத்தாண்டு செல்லுமுன், 1966 ஜனவரியில், தமிழ்மொழி விதிகளுக்கு எதிரான அணியில் நின்றன. சிங்களத்தை அரசகரும மொழியாக வலியுறுத்திய 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆக்கியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. இடதுசாரி இயக்கத்தை இந்நாட்டிற் கட்டுப்படுத்த வாஷிங்டனின் முழுத் திறமையும் தேவைப்படவில்லை. பேரினவாதத்தோடு அது செய்துகொண்ட சமரசமே அதனைக் கட்டிப்போட்டது. அந்தத் தோல்வியின் விலையைப் பின்னர் முப்பதாண்டுப் போரில் வாவியின் இரு கரைகளும் கொடுத்தன.

ஆகவே, அணை இடப்பட்டது யாருக்கு? கம்யூனிசத்துக்கு என்று சொன்னார்கள். ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நமக்குத் தெரிவது வேறு. வாக்கை இழந்தவன் மலையகத் தொழிலாளி. சூடுபட்டு வீழ்ந்தவன் ஹர்த்தாலில் நின்ற ஏழை. காட்டை இழந்தவன் வேடன். உயிரிழந்தவன் பட்டிப்பளைப் பள்ளத்தாக்கின் தமிழ் உழைப்பாளி. நிலவுரிமை கிட்டாமற் போனவன் முல்லைக்காரன். வல்லரசின் கொள்கையும் உள்ளூர் ஆளும் வர்க்கத்தின் நலனும் சந்தித்த இடத்திலெல்லாம் அணைக்குள் அடைபட்டவன் உழைப்பவனே.

சோவியத் ஒன்றியம் 1991 இற் கலைந்துவிட்டது. எனினும் போட்டி ஓயவில்லை, போட்டியாளர் மாறியுள்ளனர். 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பனியின் கைக்குச் சென்றது. 48 கோடி டொலர் பெறுமதியான அமெரிக்க உதவித் திட்டமொன்று, நிலமும் இறைமையும் பறிபோகும் என்ற எதிர்ப்பின் நடுவே 2020 டிசம்பரிற் கைவிடப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தபோது, 1952 இல் நமக்கிருந்த பேரம்பேசும் வலு நம்மிடம் இருக்கவில்லை. ஏனெனில் அன்று நம்மிடம் விற்க இறப்பர் இருந்தது. தெருவுக்கு வர ஒன்றுபட்ட மக்கள் இருந்தனர். பின்னர் நாம் கடனைச் சேர்த்தோம், ஒற்றுமையைத் தொலைத்தோம்.

வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இதனைச் சிந்திக்க வேண்டும். எந்த வல்லரசு நல்லது என்ற கேள்வி நம்மை எங்கும் கொண்டு செல்லாது. வரும் உதவியின் பின்னால் இருக்கும் நிபந்தனை யாது, நீர் பாயும் வயல் யாருடையது, ஆதாயம் எவர் கைக்குப் போகிறது, அதனால் எவர் எவரோடு மோதவிடப்படுகின்றனர் என்பவையே நம் கேள்விகளாக இருத்தல் வேண்டும். பட்டிப்பளையாற்றின் நீரைச் சிங்கள உழவனும் தமிழ் உழவனும் முஸ்லிம் உழவனும் இன்றும் பகிர்ந்தே பாய்ச்சுகின்றனர். அந்நீரைப் போலவே நிலத்தையும் நீதியையும் பகிர்ந்துகொள்ள அவர்கள் ஒன்றுபடும் நாளில், எந்தத் தலைநகரிலிருந்து எவர் வந்தாலும் அவர்களுக்கு அணை போட முடியாது.